ஐப்பசியில் இலை எடுத்த ஆலமரம்: ஒரு போன்சாய் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மரத்துக்குச் சொந்தக்காரர் சென்னையின் தென்பகுதியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் இருபதுக்கும் மேற்பட்ட போன்சாய் மரங்கள் வைத்திருக்கிறார். பெயர் போடாமல் எழுதலாம் என்று அனுமதி கொடுத்ததோடு, தன் குறிப்பு நோட்டையும் என்னிடம் தந்தார். எந்த மரத்துக்கு எந்தத் தேதியில் கவாத்து செய்தார், என்ன மண் போட்டார், கிளையை வளைக்கக் கம்பி எப்போது சுற்றினார், எப்போது அவிழ்த்தார் என்று எல்லாமே அதில் இருக்கிறது. கீழே வரும் தேதிகள் பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. 2023 டிசம்பர் 17 முதல் நடந்தவை நானே உடனிருந்து பார்த்தவை.

மரம் ஆலமரம். 2005-ல் பழைய வீட்டை இடிக்கும்போது கைப்பிடிச் சுவரின் விரிசலில் விரல் தடிமனில் நின்ற கன்று அது. இடிக்க வந்தவர்களிடம் சொல்லி அந்தச் செங்கற்களோடு பெயர்த்து வாங்கியிருக்கிறார். பதினெட்டு வருடத்தில் அது 58 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்து, அடித்தண்டின் சுற்றளவு 34 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. இரண்டு விழுதுகள் மண்ணைத் தொட்டுத் தடித்திருந்தன. மரத்துக்கு முகம் என்று சொன்னால் அது இடப்பக்கக் கீழ்க்கிளைதான். தண்டிலிருந்து தாழ்ந்து இறங்கி, நுனியில் மெல்ல மேலே எழும். அந்த ஒரு கிளையை அப்படிக் கொண்டுவர ஒன்பது வருடம் பிடித்தது என்று நோட்டில் இருக்கிறது.

அதுவரை மரம் இருந்தது 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில். மண் கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு. எதையும் சலிக்கவில்லை. இந்தக் கலவையில் மரம் பல மழைக்காலங்களைச் சிரமமில்லாமல் தாண்டியிருக்கிறது. இதை இப்போதே சொல்லிவைப்பதற்குக் காரணம், பிறகு நடந்ததற்கு மண்ணை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான்.

ஒரே நாளில் மூன்று வேலை

2023 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆயுத பூஜை. கத்தரி, கட்டர், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து பூஜையில் வைத்துவிட்டால் அன்று எடுக்கக் கூடாது. அதனால் முந்தின நாளே வேலையை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

அன்று ஆலமரத்துக்கு மூன்று வேலைகள் நடந்தன. முதலில் எல்லா இலைகளையும் காம்பை மட்டும் விட்டு வெட்டினார். அடுத்து மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார். கடைசியாக 5 சென்டிமீட்டர் ஆழமே உள்ள புதுப் பீங்கான் தட்டில், அதே பழைய கலவையை நிரப்பி நட்டார்.

வெளியூரில் இருக்கும் மகன் நான்கு வருடம் கழித்துப் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. அவர் பள்ளியில் படிக்கும்போது தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் இது. ஆலிலை இயல்பில் பெரியது, சின்ன மரத்தில் பெரிய இலை இருந்தால் அளவு கெட்டுத் தெரியும். இலைகளை முழுதாக எடுத்தால் அடுத்து வரும் இலைகள் பல மொட்டுகளிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும், அதனால் சிறியதாக வரும். பொங்கலுக்குள் சின்ன இலையோடு, தாழ்ந்த தட்டில் மரம் நிற்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை.

நாளைக் குறித்ததில்தான் பிழை. அவர் பார்த்துப் பின்பற்றிய வீடியோ குளிர்நாட்டுக்காரர் ஒருவருடையது. இலையுதிர் காலத்தில் மரத்தைச் சுத்தம் செய்து, கிளை அமைப்பைப் பார்த்து வெட்டச் சொல்கிறார். மேப்பிள் போன்ற மரத்துக்கு அது சரி. அங்கே அந்த மாதங்களில் மரம் தானாகவே இலையைக் கொட்டிவிட்டு, சேர்த்த உணவை வேரிலும் தண்டிலும் வைத்துக்கொண்டு உறங்கப் போகிறது. நம் ஆலமரம் ஐப்பசியில் உறங்குவதில்லை. அதன் வேர் அந்தக் குளிர்நாட்டு மண்ணைப் போல ஜில்லிட்ட மண்ணில் இருப்பதும் இல்லை. கதகதப்பும் நீரும் நிறைந்த மண்ணில் இருக்கிறது. ஒரு வேர் அழுகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

மழை

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. விட்டுவிட்டுத் தூறல்தான். நவம்பர் 6 அன்று நோட்டில், “உச்சியில் மொட்டு புடைத்துவிட்டது, சிவப்பு தெரிகிறது” என்று எழுதியிருக்கிறார். தீபாவளி கழிந்தபிறகு மழை நின்று பெய்ய ஆரம்பித்தது. நவம்பர் 19-ல் உச்சிக் கிளைகளில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் பத்துப் பன்னிரண்டு இலைகள். கீழ்க்கிளைகளில் ஒன்றும் இல்லை. அதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் உச்சி முந்திக்கொள்ளும், கீழே தாமதமாக வரும் என்று நினைத்துவிட்டார். பொதுவாக அது உண்மையும்கூட.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். அந்த வருடம் கார்த்திகை தன் பங்கை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் சென்னையில் பேய் மழை. அவர்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை. மாடிப் படிக்கட்டு வெளிப்பக்கம் இருந்ததால் இரண்டு நாள் அவரால் மேலே ஏறவே முடியவில்லை.

மொட்டை மாடித் தரை கறைபடாமல் இருக்க எல்லாத் தொட்டிகளுக்கும் கீழே பிளாஸ்டிக் தட்டு வைப்பது அவர் வழக்கம். டிசம்பர் 5 காலையில் மேலே போனபோது ஆலமரத்தின் அடித்தட்டு விளிம்புவரை நிரம்பி, பீங்கான் தொட்டி பாதி முழுகி நின்றது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, மரத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். நான்கு நாள் கழித்துப் புது இலைகள் துவள ஆரம்பித்தன. மழையில் சத்து கரைந்து போயிருக்கும் என்று டிசம்பர் 11-ல் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்றினார். இலை துவண்டால் தண்ணீரோ உரமோ கொடுக்கத்தான் எந்தக் கைக்கும் தோன்றும். எனக்கும் ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் தோன்றியது.

டிசம்பர் 17: பார்த்தவை

எனக்குத் தொலைபேசியில் சொன்னது, “தம்பி, மண் ஈரமாத்தான் இருக்கு, ஆனா மரம் தாகத்துல நிக்கிற மாதிரி நிக்குது.” பாதி நோயை அவரே சொல்லிவிட்டார். மண் ஈரமாக இருக்கும்போது இலை துவண்டால், தண்ணீரை மேலே ஏற்ற வேர் இல்லை என்று பொருள்.

நேரில் பார்த்தபோது உச்சி இலைகள் தொங்கின, ஓரங்கள் கறுத்திருந்தன. கூர்மொட்டுகளில் பாதிக்கு மேல் நுனி கருகி, தொட்டதும் உதிர்ந்தன. தண்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசைத்தேன். மண்ணோடு சேர்ந்து அசையாமல் மரம் தனியாக ஆடியது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தோம். தண்டு பச்சை, உச்சி பச்சை, வலப்பக்கக் கிளைகள் பச்சை. இடப்பக்கக் கீழ்க்கிளை அடியில் மங்கிய பச்சையாகவும், நடுவிலிருந்து நுனிவரை பழுப்பாகவும் இருந்தது. அதற்கு மேலே இருந்த இரண்டாம் கிளையும் அப்படியே.

ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் ஓரமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். மேலே ஒரு விரற்கடை அளவு வெறும் ஈரம், அதற்குக் கீழே கறுப்புச் சேறு. முகர்ந்தால் சாக்கடை நாற்றம். காற்றுப் புகாத மண்ணுக்கு மட்டுமே வரும் நாற்றம் அது. அவரிடம் குச்சியை நீட்டினேன். முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அதே மாடியில், அதே மண் கலவையில், அதே மழையில் நனைந்த இன்னொரு சின்ன ஆலமரமும் ஒரு புளியமரமும் இருந்தன. இரண்டும் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத் தொட்டிகள். இரண்டிலும் அக்டோபரில் இலை எடுக்கவில்லை, வேர் வெட்டவில்லை. அவற்றின் அடித்தட்டிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. ஆனாலும் நலமாக இருந்தன.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

எங்கள் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, மரத்தை அசைக்காமல் தொட்டியைச் சாய்த்து வைத்து, மழை படாமல் காயவிடுவது. இன்னொன்று, உடனே வெளியே எடுத்து அழுகிய வேரைக் கழித்து வேறு கலவைக்கு மாற்றுவது.

மார்கழியில் வேரைத் தொடக் கூடாது என்பது வளர்ப்பவர்களிடையே பரவலாக இருக்கும் விதி. இரண்டு மாதத்துக்குள் மறுபடி வேர் வேலை செய்வதும் நல்லதில்லை. அதனால் நான் முதலில் காயவிடச் சொன்னேன். அடித்தட்டை எடுத்துவிட்டு, தொட்டியின் ஒரு முனைக்குக் கீழே செங்கல் வைத்துச் சாய்த்தோம். படிக்கட்டு அறைக்குள் மின்விசிறிக்குப் பக்கத்தில் நான்கு நாள் இருந்தது. நான்காம் நாள் குச்சியில் மேல்மண் காய்ந்திருந்தது, கீழே நாற்றம் அப்படியே. இடப்பக்கக் கீழ்க்கிளையின் அடியில் இருந்த அந்த மங்கிய பச்சையும் போய்விட்டிருந்தது.

அந்த நான்கு நாள் என் தவறு. நாற்றம் வந்துவிட்ட மண்ணைக் காயவைத்துச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தும், மார்கழி என்ற சொல் என்னைத் தயங்க வைத்தது. சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆலமரத்துக்கு அது வேர் விட முடியாத குளிர் இல்லை. உடனே பிரித்திருந்தால் அந்தக் கிளையின் அடிப்பகுதியாவது மிஞ்சியிருக்கலாம்.

வேரைப் பிரித்த நாள்

டிசம்பர் 21 காலை மரத்தை வெளியே எடுத்தோம். தட்டின் வடிகால் துளைகள் இரண்டிலும் வலை போட்டிருந்தார். ஆனால் வலைக்கு மேலே நுண்மண் படிந்து, களிமண் அப்பியதுபோல் அடைத்திருந்தது. அடித்தட்டில் தண்ணீர் நிற்காமல் இருந்திருந்தாலும் அந்தத் துளை வழியே சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்திருக்கும்.

வேர்க்கட்டியின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு. ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல்போல் நார் மட்டும் நின்றது. நல்ல ஆல வேர் செம்பழுப்பாக இருக்கும், நுனி வெள்ளையாக இருக்கும். அப்படிப்பட்ட வேர்கள் வலப்பக்கம் மேல்மட்டத்தில் மட்டும், கைவிரல்களால் எண்ணக்கூடிய அளவில் இருந்தன. இடப்பக்கத்தில் தடித்த வேர் ஒன்று முழுக்கப் போயிருந்தது. கிளை காய்ந்ததும் அதே பக்கம். எந்தப் பக்க வேர் போகிறதோ அந்தப் பக்கக் கிளை முதலில் அடிபடுவதை மற்ற மரங்களிலும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

எங்கே வெட்டை நிறுத்துவது என்பதற்கு ஆலமரமே வழி சொல்லும். கத்தரியை ஒவ்வொரு முறையும் சாராயத்தில் துடைத்துவிட்டு, வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டு வந்தோம். செத்த வேரை வெட்டினால் வெறும் பழுப்பு நீர் கசியும். உயிருள்ள இடத்துக்கு வந்ததும் வெட்டிய வாயில் பால் முத்துமுத்தாக நிற்கும். பால் கண்ட இடத்தில் நிறுத்தினோம். அந்த அம்மா ஒவ்வொரு வேரிலும் பாலைப் பார்த்ததும் “இருக்கு, இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்தபோது வேரில் நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. விழுதுகள் இரண்டில் ஒன்றின் அடி நன்றாக இருந்தது, அதிலிருந்து கொஞ்சம் மெல்லிய வேர்கள்.

பழைய மண்ணை ஒரு துளி விடாமல் குழாய்த் தண்ணீரில் கழுவினோம். பீங்கான் தட்டுக்குத் திரும்பவில்லை. அவர் சமையலறையில் காய்கறி கழுவ வைத்திருந்த துளைக் கூடையை எடுத்தோம். நான்கு பக்கமும் காற்று போகும். அதில் 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சலித்த செங்கல் ஜல்லி, கரட்டு மணல், ஒரு பிடி தென்னைநார்க் கழிவு. தொழு உரம் இல்லை, புண்ணாக்கு இல்லை. மரம் ஆடினால் புதிதாக வரும் வேர்நுனி முறியும். அதனால் அடித்தண்டைக் கூடையோடு சேர்த்து நான்கு இடத்தில் கம்பியால் கட்டினோம்.

இலையை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒரு சின்ன விவாதம் வந்தது. “வேரே இல்லாத மரத்துக்கு இவ்வளவு கிளை எதுக்கு தம்பி? மேலயும் குறைச்சிடலாம்” என்றார். பலரும் அப்படித்தான் செய்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த மரம் ஏற்கெனவே அக்டோபரில் எல்லா இலையையும் இழந்து, இருந்த சேமிப்பைச் செலவழித்துப் புது இலை விட்டிருக்கிறது. புது வேருக்கான உணவு இந்த இலைகளிலிருந்துதான் வர வேண்டும். “இலையை வெட்டாம, இலையிலிருந்து தண்ணி போறதைக் குறைப்போம்மா” என்றேன். ஒப்புக்கொண்டார். கூடையோடு மரத்தை மூடும் அளவுக்குத் தெளிந்த பாலித்தீன் உறை மாட்டி, அதில் நான்கைந்து துளை போட்டு, படிக்கட்டு அறையின் கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்தோம். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை. காய்ந்த கிளைகளையும் அன்றே வெட்டவில்லை. சாவு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வெட்டுவதில் பயனில்லை.

மீட்சி

ஜனவரி முதல் வாரத்துக்குள் இருந்த இலைகளில் பாதி உதிர்ந்தது. பொங்கலுக்கு மகன் வந்தார். மரம் பாலித்தீன் உறைக்குள் இருந்தது. உறையை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னார்.

ஜனவரி 29-ல் உச்சியில் ஒரு கூர்மொட்டு பச்சையாக நீண்டது. பிப்ரவரி 18-ல் கூடையின் துளை ஒன்றில் வெள்ளையாக வேர்நுனி எட்டிப் பார்த்தது. அதன் படத்தை எனக்கு அனுப்பி, கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. மொட்டு வந்ததைவிட அந்த வேர்நுனிதான் எனக்குப் பெரிய செய்தி. மொட்டைச் சேமிப்பை வைத்தே ஒரு மரம் விட்டுவிடும். நவம்பரில் நடந்ததும் அதுதான், கீழே வேர் அழுகிக்கொண்டிருக்க மேலே இலை வந்தது.

மார்ச்சில் உறையில் நாளுக்கொரு துளை கூட்டி, பத்து நாளில் முழுதாக எடுத்தோம். காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு மூன்று. மாத நடுவில் இடப்பக்கக் கிளைகள் இரண்டும் முழுக்கச் செத்தது உறுதியானது. தண்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினோம். ஒன்பது வருடக் கிளை. வெட்டியதைத் தூக்கி எறியாமல் மேஜை மேல் வைத்திருக்கிறார், இன்றும் இருக்கிறது.

மே 4-ல் கத்திரி வெயில் தொடங்கும் முன்பே பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலைக்குக் கீழே கொண்டுவந்தாயிற்று. ஜல்லி சீக்கிரம் காயும் என்பதால் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர். உரம் ஏப்ரல் கடைசியில்தான், அதுவும் மிக நீர்த்த அளவில். கத்தரியை மட்டும் ஜூலைவரை தொடவில்லை. கைகள் துறுதுறுத்திருக்கும், எனக்குத் தெரியும். கொம்புகள் ஏழெட்டு இலை நீண்டு மரம் புதர்மாதிரி நின்றது. அந்த நீளம்தான் வேரைக் கட்டியது.

ஜூலை 14, 2024-ல் முதல் கவாத்து. உச்சியில் இருந்த கொம்புகளை இரண்டு இலைக்குக் குறைத்தோம். வலப்பக்கக் கீழ்க்கிளைகளை நுனி கிள்ளக்கூட இல்லை. நுனிமொட்டு இருக்கும்வரை பலமெல்லாம் அங்கே போகும், அதை எடுத்தால்தான் கீழே இருப்பவை விழிக்கும். மேலே அழுத்தி வெட்டி, கீழே ஓடவிட வேண்டும். கத்தரி எடுக்கும் எல்லோருக்கும் இது பாடமாகத் தெரியும், கை மட்டும் எப்போதும் மரத்தை ஒரே வட்டமாக வெட்டிவிடும்.

ஏன் இப்படி ஆனது

மூன்று வேலைகள் ஒரே நாளில் நடந்ததால் எது எவ்வளவு காரணம் என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரே விளைவை நோக்கித் தள்ளின. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழிகள் எல்லாம் ஒன்றாக அடைபட்டன.

தொட்டியில் இருக்கும் நீர் வடிகால் துளை வழியே மட்டும் போவதில்லை. பெரும்பங்கு இலை வழியே போகிறது. வேர் உறிஞ்சி, தண்டு ஏற்றி, இலை ஆவியாக விடுகிறது. இலைகளை முழுதாக எடுத்த அன்றே அந்தப் பெரிய வழி மூடிவிட்டது. வேரையும் கழித்தபோது மிச்சமிருந்த உறிஞ்சும் திறனும் போயிற்று. ஆனி ஆடியில் இதைச் செய்திருந்தால் வெயிலும் காற்றும் மண்ணைக் காயவைத்து அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கும். ஐப்பசியில் மேலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கிறது, வெயில் இல்லை, காற்றிலும் ஈரம்.

தொட்டி ஆழம் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. தாழ்ந்த தட்டில் மண் குறைவு, அதனால் சீக்கிரம் காயும் என்று. வெயில் காலத்தில் சரி. மழையில் நேர்மாறு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டி நின்றபிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். பிழியாமலே இன்னும் தண்ணீர் வரும். மண்ணும் அப்படித்தான். வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஓர் அடுக்கு நீர் நிறைந்தே நிற்கும். அந்த அடுக்கின் உயரத்தை முடிவு செய்வது மண்துகளின் அளவு, தொட்டியின் ஆழம் இல்லை. அவருடைய சலிக்காத கலவையில் அது 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 சென்டிமீட்டர் தொட்டியில் கால் பங்குதான் நனைந்து கிடக்கும், 5 சென்டிமீட்டர் தட்டில் பாதிக்கு மேல். பல வருடம் ஒத்துழைத்த மண் தட்டு மாறியதும் எதிரியானது இப்படித்தான். சின்ன ஆலமும் புளியும் தப்பியதற்கு ஆழமும் இலையும் இரண்டுமே காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த மழைக்காலம்

2024 ஆவணிக்குப் பிறகு மரத்தில் கத்தரி படவில்லை. கிளைகளில் சுற்றியிருந்த அலுமினியக் கம்பிகளை எல்லாம் புரட்டாசியில் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். ஈரமான காலத்தில் ஆல் வேகமாகத் தடிக்கும், கம்பி பட்டையில் பதிந்துவிட்டால் அந்தத் தழும்பு போக வருடங்கள் ஆகும். அடித்தட்டுகள் எல்லாத் தொட்டிகளுக்கும் எடுத்தாயிற்று. தாழ்ந்த தொட்டிகளுக்கு மட்டும் மாடியின் ஒரு மூலையில் ஒளி புகும் தகடு வேய்ந்து சின்னக் கூரை போட்டார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு முனையில் அரைச் செங்கல்.

நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னையிலும் அன்று கனமழை. மறுநாள் குச்சி வைத்துப் பார்த்ததில் ஆலமரத்தின் கூடை வெறும் ஈரமாக இருந்தது, நாற்றம் இல்லை. மரத்தில் அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட இலைகள், எல்லாம் பெரிது பெரிதாக. பொங்கலுக்கு அப்படியே நின்றது.

மாற்றிச் செய்பவை

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது தமிழ் மாதத்தில் ஒரு கால அட்டவணை இருக்கிறது. இருவரும் சேர்ந்து எழுதியது. ஆல், அரசு, இச்சி போன்ற மரங்களுக்குத் தொட்டி மாற்றுவதும் வேர் வெட்டுவதும் மாசி, பங்குனியில். சித்திரை வைகாசியில் நிழலும் தண்ணீரும் மட்டும். பெரிய கவாத்தும் இலை எடுப்பதும் ஆனி, ஆடியில். ஆவணி நடுவோடு கத்தரிக்கு ஓய்வு, தை பிறக்கும்வரை. ஒரே பருவத்தில் வேரையும் முழு இலையையும் எடுப்பதில்லை. இது சென்னையை ஒட்டிய கடற்கரைப் பகுதிக்கு எழுதியது. ஆனியிலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும் கன்னியாகுமரிக்கோ, உறைபனி விழும் ஊட்டிக்கோ இதை அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கே உள்ளவர்கள் தங்கள் மழையை வைத்துத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மண் கலவையில் செம்மண் போய் சலித்த ஜல்லி வந்துவிட்டது. நான் என் பங்குக்கு மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. மண் நாறினால் மாதம் பார்ப்பதில்லை, அன்றே பிரிக்கிறேன்.

2025 பிப்ரவரி கடைசியில் மரம் கூடையிலிருந்து 9 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டிக்கு மாறியது. வேர் கூடை முழுக்க நிறைந்திருந்ததால் வெட்ட வேண்டியது ஓரத்தில் கொஞ்சம்தான். ஜூன் கடைசியில் உச்சிப் பகுதியில் மட்டும் இலைகளை எடுத்தோம். பதினெட்டு நாளில் புது இலைகள் வந்தன, ஐந்து சென்டிமீட்டருக்குள். 5 சென்டிமீட்டர் பீங்கான் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். மரம் இன்னும் இரண்டு வருடம் நன்றாக நின்றால் சலித்த ஜல்லியோடு அதில் வைக்கலாமா என்று கேட்கிறார். கூரைக்குக் கீழே வைப்பதானால் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இடப்பக்கம் கிளை போன இடத்துக்கு நெருக்கு ஒட்டு போட்டிருக்கிறோம். வலப்பக்கத்திலிருந்து நீண்டு வந்த ஒரு கொம்பைத் துண்டிக்காமல் தண்டின் பின்பக்கமாக வளைத்துக் கொண்டுவந்து, பழைய கிளையின் அடிக்குப் பக்கத்தில் பட்டையைச் சீவி, இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. ஆலில் இது நன்றாகப் பிடிக்கும். ஒட்டின இடத்தில் பட்டை ஒன்றோடொன்று மூடி வருகிறது. ஒட்டுக்கு அப்பால் பதினோரு இலைகள். கொம்பு கிளம்பி வரும் தாய்ப்பக்கத்தை இன்னும் வெட்டவில்லை. இந்த மழைக்காலம் போகட்டும், மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறார்.